ஓடாத விரிசல்

டென்னிசன் மரவேலை கற்க வந்தபோது அவனுக்கு ஐம்பத்து நான்கு வயது. கற்றுக்கொடுத்த எமிலெட்டுக்கு நாற்பத்தொன்று. அவன் அவளை மேஸ்திரி என்றான். அவள் அவனை அண்ணே என்றாள். இருவருக்கும் அது பொருந்திப் போயிற்று.

குலசேகரம் போகும் சாலையில், பாசனத் தண்ணீர் ஓடும் சானலின் கரையை ஒட்டி எமிலெட்டின் பட்டறை இருந்தது. இடிபடும் கட்டிடங்களிலிருந்து உத்தரம், நிலை, கதவு எல்லாவற்றையும் வாங்கி வருவாள். ஆணி பிடுங்கி, அறுத்து, வேறொன்றாக்கி விற்பாள்.

டென்னிசன் அதற்கு முன் இருபத்தாறு வருடம் ஒரு ரப்பர் கம்பெனியில் தரம் பிரித்தவன். ரப்பர் ஷீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். குமிழி, புள்ளி, பூஞ்சை எதுவும் கண்ணில் படுகிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண் சொல்ல வேண்டும். பிறகு அடுத்த ஷீட். ஒரு ஷீட்டுக்கு நாலு நொடி. கம்பெனியை மூடிய பிறகும் அவன் கண் அந்த வேலையை விடவில்லை. கல்யாண வீட்டில் அப்பளத்தையும் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்கிற மனுஷன் என்று அவன் மனைவி சொல்வாள்.

பழைய மரம் பெயர் சொல்லிக்கொண்டு வருவதில்லை. அந்தப் பக்கத்தில் கரையானுக்குப் பயந்து உத்தரங்களில் முந்திரித்தோட்டு எண்ணெய் பூசுவார்கள். அறுபது வருடம் கழித்துப் பார்த்தால் தேக்கும் கறுப்பு, அயனியும் கறுப்பு, வேங்கையும் கறுப்பு. முனையில் உளியால் ஒரு சீவல் எடுத்து, ஈரம் தொட்டு, உள்ளே துளைகள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க வேண்டும். முகர்ந்து பார்க்க வேண்டும். ஒரு வருடத்தில் டென்னிசன் இதில் தேறிவிட்டான். வேங்கையோ என்று சந்தேகம் வந்தால் சீவலைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுவான். சற்று நேரத்தில் தண்ணீர் தேன் நிறமாகும். வெயிலில் பிடித்தால் ஓரத்தில் ஒரு நீலம் மினுங்கும். அந்த நீலத்தைப் பார்க்கும்போது மட்டும் அவன் முகத்தில் சிரிப்பு வரும்.

ஆனால் எந்த மரத்தையும் இது போதும் என்று அவன் வாயால் சொன்னதில்லை.

மே மாதம் இருபதாம் தேதி தங்கலீலா பட்டறைக்கு வந்தாள். அவள் வீடு சானலுக்கு அந்தக் கரையில். அவள் கணவன் ராஜமணி தென்னையிலிருந்து விழுந்து மூன்று வருடம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. சக்கர நாற்காலிதான். சானலின் குறுக்கே கிடக்கிற தென்னந்தடியில் ஆள் நடக்கலாம், நாற்காலி போகாது.

"கோடையில தண்ணி இல்ல, நாலு ஆம்பிளைங்க சேந்து சானலுக்குள்ள எறங்கித் தூக்கிட்டுப் போயிருவாங்க," என்றாள். "ஒண்ணாந்தேதி அணைத் தண்ணி தொறந்துட்டா நெஞ்சளவு ஓடும்லா. போன வருஷம் ஆடியில காய்ச்சல் வந்து, சுத்திப் போற வழியில தூக்க ஆள் கெடைக்காம விடிஞ்சதுல இருந்து உச்சி வரைக்கும் அப்படியே கெடந்தாரு. இந்த வருஷமும் அப்படிக் கெடந்தா நான் என்னத்தச் செய்ய? ஒரு பாலம் வேணும்க்கா."

"பலகை?" என்றாள் எமிலெட்.

"சர்ச் சபையில கேட்டு அதுக்கு ஏற்பாடு ஆச்சுக்கா. குறுக்கே போட ரெண்டு உத்தரம் தந்தா போதும். நல்லதா இருக்கணும். ஆளு கனம். சோத்தக் கொறைங்கன்னா கேக்க மாட்டேங்காரு."

எமிலெட் டென்னிசனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, கயிறு குடோன் இடிச்சதுல வந்த அஞ்சு உத்தரம் பின்னால கெடக்கு. ரெண்டை நீங்க எடுங்க. நான் பாக்க மாட்டேன்."

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஏணியோ, பரணோ, பாலமோ, ஆள் ஏறுகிற எதுவானாலும் மரத்தைத் தேர்ந்தெடுத்தவர்தான் முதலில் ஏற வேண்டும். டென்னிசனின் பயம் விழுந்துவிடுவோம் என்பதல்ல. தான் ஏறும்போது தாங்கிவிட்டு, அடுத்து ஏறுகிறவன் காலடியில் ஒடிந்தால் என்ன செய்வது என்பதுதான்.

அன்று மாலைக்குள் ஐந்துக்கும் பெயர் சொல்லிவிட்டான். ஒன்று தேக்கு. இரண்டு அயனி. மற்ற இரண்டும் டம்ளரில் நீலம் காட்டின, வேங்கை.

பெயரில் அவனுக்குத் தடுமாற்றமே இல்லை. அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் அந்த ஐந்தையும் சுற்றிச் சுற்றி வந்தான். தேக்கின் நட்டநடுவில் ஒரு பெரிய பொளி, பழைய தூண் உட்கார்ந்த குழி. ஓர் அயனியில் தினமும் காலையில் புதுப்பொடி கொட்டிக் கிடந்தது, உள்ளே வண்டு உயிரோடு இருந்தது. இன்னொரு அயனி பதின்மூன்று அடிதான் இருந்தது. சானலே பன்னிரண்டு அடி, கரையில் உட்கார மரம் மிஞ்சாது. ஒரு வேங்கையில் முனையருகே போல்ட் போட்ட துளை இரண்டு. மற்ற வேங்கையின் ஒரு முனையிலிருந்து இரண்டரை அடி நீளத்துக்கு விரிசல்.

மூன்றாம் நாள் சாக்பீஸை எடுத்து ஒவ்வொன்றிலும் எண் போட்டான். தேக்குக்கு நாலு. அயனிகளுக்கு நாலும் ஐந்தும். வேங்கைகளில் ஒன்றுக்கு மூன்று, விரிசல் விட்டதற்கு ஐந்து.

எமிலெட் வந்து நின்று வாசித்தாள்.

"தேக்குக்கு நாலா?"

"நடுவுல பொளி இருக்கு மேஸ்திரி. கனம் வந்தா அங்கதான் ஒடியும்."

"எதுக்கு நாலு?"

"கடைசிக்கு முந்தின தரம்."

"அது தெரியுது. எந்த வேலைக்குன்னு கேக்கேன்."

மத்தியானம் அருமனையிலிருந்து ஒருவர் கதவு நிலைக்கு மரம் தேடி வந்தார். எமிலெட் அந்தத் தேக்கைக் காட்டினாள். அவர் எண்ணைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். அவள் பொளியின் இரண்டு ஓரத்திலும் அறுத்து அந்தக் குழியைத் தனியாக எடுத்து வீசினாள். மீதி, ஏழடியில் இரண்டு துண்டு. கறுப்பைச் சீவித் தள்ளியதும் உள்ளே பொன் நிறம். வந்தவர் துண்டைத் தடவிக்கொண்டே, இப்படி மரம் இப்போது எங்கே கிடைக்கிறது என்று கேட்டார். அவள் சொன்ன விலைக்கு மறுபேச்சுப் பேசவில்லை.

வண்டுள்ள அயனியில் வெளிப்புறத்து வெள்ளை மரத்தைச் சீவி எறிந்தாள். வண்டு அதற்குள்தான் இருந்தது. வைரம் பாய்ந்த நடுமரத்துக்குள் ஒரு துளைகூட இல்லை. அதையும் நீளம் குறைந்த அயனியையும் மேசைக்கால்களுக்கென்று தனியே அடுக்கினாள்.

எஞ்சியவை இரண்டு வேங்கைகள்.

"ரெண்டுதான் கெடக்கு," என்றாள். "வேண்டியதும் ரெண்டு."

"வேற எங்கயாவது தேடலாமா மேஸ்திரி? புது மரம்?"

"பச்சை மரமா? முறுக்கி வளைஞ்சு அடங்க ஆறு வருஷம் ஆகும். தண்ணி வர ஒம்பது நாள்தான் இருக்கு."

மறுநாள் காலையில் தங்கலீலா மறுபடியும் வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"மரம் எடுத்தாச்சா அண்ணே?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"பெண்ணு பாக்கதுக்குக்கூட இவ்வளவு நாள் எடுக்க மாட்டாங்களே," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள், முடியவில்லை. "நாளைக்கு வாறேன்."

அவள் தென்னந்தடியில் கைகளை அகல விரித்து அக்கரைக்கு நடந்து போவதை டென்னிசன் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு எமிலெட்டிடம் போனான்.

"மேஸ்திரி, தப்பே இல்லாத மரத்த எப்படிக் கண்டுபிடிக்கது?"

எமிலெட் அறுப்பை நிறுத்தவில்லை. துண்டு விழுந்த பிறகுதான் நிமிர்ந்தாள். சுவரில் செருகியிருந்த சைக்கிள் கம்பி ஒன்றை உருவி அவன் கையில் கொடுத்தாள்.

"அந்த அஞ்சாம் நம்பர் விரிசலுக்குள்ள விட்டு வெளிய இழுங்க."

டென்னிசன் குந்தி உட்கார்ந்து கம்பியை உள்ளே விட்டான். முதலில் தூசி வந்தது. பிறகு காய்ந்த மண் கட்டியொன்று உடைந்து விழுந்தது.

"என்னது அது?"

"குளவிக்கூடு."

"இன்னும் சொரண்டுங்க."

சுண்ணாம்புப் பொடி வந்தது. அதற்கும் கீழே கம்பி எதையோ உரசியது. அவன் கம்பி முனையை விரலால் தொட்டான். கறுப்பாகப் பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தான்.

"முந்திரி எண்ணெய்."

"விரிசலுக்கு உள்ளேயா?"

"கடைசி வரைக்கும் இருக்கு. உள்ள எங்கயும் புதுசாப் பிளந்த வெளுப்பு இல்ல."

"எண்ணெய் எப்போ பூசியிருப்பாங்க?"

"மேல ஏத்துறதுக்கு முந்தி." சொல்லிவிட்டு நிறுத்தினான். கம்பியைப் பார்த்தான். மறுபடியும் விரிசலைப் பார்த்தான். "எண்ணெய் பூசும்போதே விரிசல் இருந்திருக்கு. இதோடத்தான் ஏத்தியிருக்காங்க. அதுக்குப் பெறகு அறுபது வருஷம் கூரையத் தாங்கியிருக்கு. விரிசல் அதுக்கு மேல ஓடல்ல."

எமிலெட் அடுத்த துண்டை அறுக்கத் தொடங்கினாள்.

"அப்போ இது நல்ல மரம்னு சொல்லுதீங்களா மேஸ்திரி?"

"நான் எங்க சொன்னேன்? உங்களத்தான எடுக்கச் சொன்னேன்."

டென்னிசன் எழுந்து, இரண்டு வேங்கையையும் முற்றத்துக்கு இழுத்து வந்தான். பன்னிரண்டு அடி இடைவெளியில் கல் அடுக்கி, அவற்றின்மேல் இரண்டையும் ஏற்றினான். விரிசல் போய் நின்ற இடத்தில், கறுப்பைச் சீவி, பென்சிலால் மெல்லிய கோடு ஒன்று கிழித்தான்.

"பாரம் ஏத்திப் பாக்கலாம் மேஸ்திரி."

"எவ்வளவு?"

"ராஜமணி, நாற்காலி, தள்ளுற ஆளு, பலகை. எல்லாத்தையும் கூட்டி அதுல மூணு மடங்கு."

எமிலெட் ரம்பத்தைக் கீழே வைத்தாள். இருவரும் மணல் குவியலுக்குப் போனார்கள். அவள் சாக்கின் வாயை விரித்துப் பிடிக்க, அவன் மணல் அள்ளிப் போட்டான். ஆறாவது சாக்கில் அவன் கை நின்றது.

"கம்பெனியில ஒருமட்டம் நாப்பது கட்டு திரும்பி வந்துது மேஸ்திரி. உள்ள பூரா பூஞ்சை. நான் ரெண்டாந்தரம்னு விட்டது."

"பாக்காம விட்டீங்களா?"

"மழை நாள். லாரி நின்னுட்டு இருக்கு. மேல உள்ள ஷீட்டை மட்டும் பாத்தேன். மேனேஜர் கேட்டப்போ, நான் பாக்கும்போது நல்லாத்தான் இருந்துது, புகை பத்தாததால பெறகு பூத்திருக்கும்னு சொன்னேன். ஷீட்டைப் புகையில காய வைக்கிற புகைப்புரையில நின்ன பொன்னுமணிக்கு வேலை போச்சு."

"புகை பத்தலன்னது பொய்யா?"

"தெரியாது. அதான் மேஸ்திரி. இன்னைக்கும் தெரியாது. உண்மையாவும் இருக்கலாம்."

மண்வெட்டியின் காம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அதுக்குப் பெறகு எதையுமே என்னால நல்ல தரம்னு சொல்ல முடியல. எல்லாத்துக்கும் ஒரு படி கொறைச்சுத்தான் போட்டேன். கம்பெனியில கெட்டிக்காரன்னு பேரு எடுத்தேன்."

எமிலெட் சாக்கின் வாயை விடவில்லை.

"அவரப் பெறகு போய்ப் பாத்தீங்களா?"

"யாரை?"

"பொன்னுமணியை."

"இல்ல."

அவள் சாக்கை ஒருமுறை குலுக்கி மணலை அமுக்கினாள்.

"இன்னும் ரெண்டு அள்ளு போடுங்க. நெறையல்ல," என்றாள்.

பொழுது சாயும்முன் முப்பது சாக்கும் ஏறிவிட்டன. உத்தரங்கள் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு வளைவு வளைந்து நின்றன. டென்னிசன் வீட்டுக்குப் போனான். மறுநாள் விடிந்ததும் வந்து மண்ணில் முழங்காலிட்டுப் பார்த்தான். விரிசல் பென்சில் கோட்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. தாண்டவில்லை.

எமிலெட் பல் தேய்த்துக்கொண்டே வந்து பின்னால் நின்றாள். வாயைக் கொப்பளித்துத் துப்பினாள்.

"என்ன சொல்லுது?"

"நிக்குது." எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டான். "ஆனாலும் அந்த முனையில ரெண்டு எடத்துல இரும்புப் பட்டை போட்டு முறுக்கணும். விரிசல் நுனி மட்டும் வெளிய தெரியணும், மூடக்கூடாது. போல்ட் துளை உள்ளதுல துளை கரைமேல வந்துரும், கனம் அங்க விழாது. இந்த ரெண்டும் போதும்."

தன் வாயிலிருந்து வந்த சொல்லைக் கேட்டு அவனே கொஞ்சம் திகைத்து நின்றான்.

"அப்போ தங்கலீலாகிட்ட சொல்லுங்க," என்றாள் எமிலெட். "வந்து வந்து அவளுக்குச் செருப்பு தேஞ்சு போச்சு."

நாலு நாளில் வேலை முடிந்தது. கரையில் கல் கட்டி உத்தரங்களை உட்கார வைத்தார்கள். கொல்லன் பட்டையை முறுக்கினான். சபையிலிருந்து வந்த பலகைகளை டென்னிசன் ஒவ்வொன்றாக ஆணியடித்தான். முப்பதாம் தேதி காலையில் அக்கரையில் ராஜமணி நாற்காலியில் வந்து காத்திருந்தான். மடியில் ஒரு துண்டு, முகத்தில் புதுச் சவரம்.

டென்னிசன் இக்கரையில் நின்றான். வழக்கத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நடந்தான். நடுப்பாலத்தில் ஒருமுறை நின்றான். காலுக்குக் கீழே மரம் லேசாக வளைந்து கொடுத்தது, திரும்பத் தன் நிலைக்கு வந்தது. அக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் ராஜமணி அவனை மேலும் கீழும் பார்த்தான்.

"நீங்க நடந்து காட்டி என்ன பிரயோஜனம் அண்ணே? காஞ்ச கருவாடு மாதிரி இருக்கீங்க. நம்ம எடை வேற."

"அதுக்குத்தான் முப்பது சாக்கு மணல் ஏத்திப் பாத்தோம்."

"என் எடையை மணலால அளந்தாச்சா? தங்கலீலா, கேட்டியா? இனி நீ சோத்தக் கொறைக்கச் சொல்லப்பிடாது."

தங்கலீலா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். டென்னிசன் விலகிக்கொள்ளவில்லை. மற்ற கைப்பிடியை அவன் பிடித்தான். சக்கரம் முதல் பலகையில் ஏறியது. ராஜமணி மடியிலிருந்த துண்டை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டான். பலகைகள் ஒவ்வொன்றாகத் தடதடத்தன. நடுப்பாலம் கடந்தது. இக்கரையில் சக்கரம் மண்ணைத் தொட்டதும் ராஜமணி மூச்சை விட்டான்.

"ஒருமட்டம் திரும்பிப் போயிட்டு வருவமா?" என்றான்.

அவர்கள் போய் வந்தார்கள். பிறகு இன்னொரு தடவையும் போய் வந்தார்கள்.

ஒன்றாம் தேதி மத்தியானம் தண்ணீர் வந்தது. முதலில் சருகும் நுரையுமாக ஒரு நாக்கு, பின்னால் செம்மண் கலங்கல். சாயங்காலத்துக்குள் நெஞ்சளவு ஏறிவிட்டது. வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்த பிறகு டென்னிசன் கரைச்சரிவில் இறங்கி, உத்தரத்தின் முனையருகே குந்தி உட்கார்ந்தான். எமிலெட் மேலே பாலத்தின் ஓரத்தில் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். கீழே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடல்ல மேஸ்திரி. கோட்டுலதான் நிக்குது."

"ம்."

அவன் எழுந்துகொள்ளவில்லை.

"ஒருவேளை நாளைக்கு ஓடுச்சுன்னா?"

"நாளைக்கு வந்து பாருங்க."

"அதுக்கு மறுநாள்?"

"மறுநாளும் வாங்க."

"எத்தனை நாளைக்கு மேஸ்திரி?"

எமிலெட் மடியில் ஒட்டியிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள்.

"பாலம் போற வரைக்கும். இல்லேன்னா நீங்க போற வரைக்கும். எது முந்துதோ."